வண்டி செய்யும் ஊரில் வண்டி நிறுத்த இடமில்லையா?

ஒரகடம் சாலையோரம் லாரி வரிசை. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கார் நெரிசல். இரண்டுக்கும் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: பார்க்கிங். ஆனால் நோய் இரண்டும் வேறு வேறு.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும், சில கிலோமீட்டருக்குள் வண்டியோ வண்டிக்கான உதிரிபாகமோ செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்துவிடும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்த ஹூண்டாய், 1998-ல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறந்தது. அதே ஆண்டு அப்போலோ டயர்ஸ் வந்தது. 2012-ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு, 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா என அடுத்தடுத்து வந்தார்கள். கார், லாரி, பஸ், பைக், ஸ்கூட்டர், டயர் எல்லாம் இந்த மண்ணில் பிறக்கின்றன. சென்னைக்கு ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்ததில் பெரும்பங்கு இந்தத் தொழிற்பட்டைக்கு உண்டு.

இத்தனை வண்டி செய்யும் ஊரில், வண்டி நிறுத்தத்தான் இடமில்லை. ஒரகடம் சாலைகள் ஆறு வழிகளாக விரிக்கப்பட்டன. ஆனால் தொழிற்பூங்காக்களை ஒட்டிய பல இடங்களில் இடது ஓரத் தடம் லாரிகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் கிடக்கிறது. கண்டெய்னர் டிரெய்லர், கார் ஏற்றிச் செல்லும் நீளவண்டி, இரும்புச்சுருள் ஏற்றிய டாரஸ் லாரி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. மீதமிருக்கும் தடங்களில்தான் ஷிப்ட் பஸ்ஸும், ஷேர் ஆட்டோவும், வேலைக்கு ஓடும் பைக்குகளும் இடம் தேடிக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள் வந்தால் காட்சி வேறு. கோயில் தெருக்கள், பஸ் நிலையம், கடைவீதி, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு எல்லாவற்றிலும் காரும் பைக்கும் இரண்டு வரிசையாக நிற்கின்றன. கடைக்காரரைக் கேட்டாலும், வாடிக்கையாளரைக் கேட்டாலும், அரசியல்வாதியைக் கேட்டாலும் பதில் ஒன்றே: ஒரு பெரிய காலி மனையைப் பிடித்து பார்க்கிங் ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகும்.

ஆகுமா? இந்தத் தொழிற்பட்டை அடுத்த இருபது ஆண்டுகளில் எப்படிப்பட்ட ஊராக இருக்கப்போகிறது என்பதே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ரோடுதான் குடோன்

முதலில் லாரிகளைப் பார்ப்போம். அவை ஏன் சாலையில் நிற்கின்றன? ஓட்டுநர்களின் அலட்சியம் என்று பழி போடுவது சுலபம். காரணம் தொழிற்சாலை கேட்டுக்கு உள்ளே இருக்கிறது.

வாகனத் தொழிற்சாலைகள் இன்று உலகமெங்கும் கடைப்பிடிப்பது ‘ஜஸ்ட் இன் டைம்’ முறை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்தது. சீட், கண்ணாடி, டயர், ஒயரிங் எதையும் வாரக்கணக்கில் அடுக்கிவைக்காமல், அசெம்ப்ளி லைனுக்கு எந்த நேரத்தில் தேவையோ அந்த நேரத்தில் வரவழைத்துக்கொள்வதே இதன் சாரம். சரக்கில் முடங்கும் பணம் மிச்சம். குடோனுக்கான இடமும் மிச்சம்.

ஆனால் பக்கத்துத் தொழிற்பூங்காவிலிருந்து வரும் வண்டிக்குச் சரிப்படும் இந்தக் கணக்கு, புனேயிலிருந்து வரும் லாரிக்குச் சரிப்படாது. வழியில் டயர் வெடிக்கலாம், சோதனைச்சாவடியில் நேரமாகலாம், மழை பிடித்துக்கொள்ளலாம். நேரம் தவறினால் ஒரு லைனே நின்றுபோகும். அதற்கு அஞ்சி, டிரான்ஸ்போர்ட்காரர் வண்டியை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார். முன்னதாக வந்த வண்டியை, அதன் முறை வரும்வரை கேட் உள்ளே விடாது. ஏற்றுமதிக் கண்டெய்னர்களுக்கும் இதே நிலைதான். துறைமுகத்தில் நெரிசல் என்றால் அந்த நெரிசலின் வால் ஒரகடம் வரை நீளும். சென்னைக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், நகரத்தைக் கடந்துபோக வேண்டிய வண்டிகளும் வெளியிலேயே காத்திருக்கின்றன.

ஆக, குடோனில் இருக்க வேண்டிய சரக்கு சக்கரத்தின்மேல் ஏறி ரோட்டில் நிற்கிறது. மிச்சமான குடோன் வாடகை நிறுவனத்தின் லாபக் கணக்கில் சேர்கிறது. அந்த வாடகையை வேறு வழியில் கட்டுபவர்கள் சாலையில் போகிறவர்கள். சில இரவுகளில் உயிரைக் கொடுத்தே கட்டுகிறார்கள். பின்விளக்கு எரியாமல், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் இருட்டில் நிற்கும் டிரெய்லர், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக்கில் திரும்பும் இளைஞருக்கு எமன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில், நின்றிருந்த வண்டியில் மோதிய விபத்துகளுக்குத் தனிக் கணக்கே உண்டு. 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு.

ஓட்டுநரின் பக்கமும் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்தவருக்குக் குளிக்க இடமில்லை, கழிப்பறை இல்லை, காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில் இல்லை. அடுப்பைப் பற்றவைப்பது சாலையோரத்தில், தூங்குவது கேபினில். டீசல் களவு போகுமோ, பேட்டரி போகுமோ என்ற கவலையில் ஒரு கண் விழித்தே இருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே அபராதச் சீட்டும் அவர் தலையில்தான் விழுகிறது.

சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, பிறருக்கு ஆபத்து உண்டாகும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 127-வது பிரிவு, அப்படிக் கிடக்கும் வண்டியை இழுத்துச் செல்ல அதிகாரம் தருகிறது. அதே சட்டத்தில் 117-வது பிரிவு ஒன்றும் இருக்கிறது. உள்ளாட்சியோடு கலந்துபேசி, வண்டிகள் நிற்பதற்கான இடங்களை அரசு வகுத்துத் தரலாம் என்பது அது. முதல் இரண்டு பிரிவுகளில் போலீஸுக்கு வேலை, மூன்றாவதில் அரசாங்கத்துக்கு வேலை. இங்கே முதல் இரண்டைப் பற்றித்தான் அடிக்கடி பேச்சு எழுகிறது.

பத்து ஏக்கர் கணக்கு

லாரிக்கு இடம் ஒதுக்குவது அவ்வளவு பெரிய செலவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டிரெய்லர் ஒன்றுக்கு முன்னும் பின்னும் இடைவெளியோடு 20 மீட்டர் நீளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் சாலையோரத்தை அடைத்துக்கொள்ள 50 டிரெய்லர் போதும். அவற்றையே ஒரு யார்டுக்குள் கொண்டுவந்து, உள்ளே சுற்றித் திரும்பும் பாதையையும் சேர்த்து வண்டிக்கு 160 சதுர மீட்டர் என்று கொடுத்தாலும், 10 ஏக்கரில் 250 வண்டிகள் நிற்கும். அதாவது, 10 ஏக்கர் யார்டு ஒன்று 5 கிலோமீட்டர் சாலையோரத்தை மீட்டுத் தரும். டைம்லர் ஆலை ஒன்று மட்டுமே ஏறத்தாழ 400 ஏக்கரில் அமைந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பட்டைக்கு 10 ஏக்கர் எவ்வளவு சிறியது என்று விளங்கும்.

இதற்குத் தமிழ்நாட்டில் முன்னுதாரணமும் உண்டு. சென்னை கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. ஜார்ஜ் டவுனை அடைத்துக்கொண்டு நின்ற லாரிகளுக்காக மாதவரத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) லாரி முனையம் அமைத்தது. இந்தத் தொழிற்பட்டைக்கு வடக்கே மப்பேட்டில், 184 ஏக்கரில் பல்வகைச் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்கு 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ரயிலும் லாரியும் சந்திக்கும் அந்தப் பூங்கா முழு வீச்சில் இயங்கும்போது, நெடுந்தூர வண்டிகளில் ஒரு பகுதி அங்கேயே சரக்கை இறக்கிவிடலாம். வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து புதிய கார்கள் சரக்கு ரயிலில் ஏறிப் போவதும் சாலைக்குக் கிடைக்கும் ஆறுதல்தான். ஆனால் ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு அறிவிக்கப்பட்ட ரயில் பாதை, அறிவித்துப் பத்தாண்டு தாண்டியும் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே லாரி விஷயத்தில் தீர்ப்பு சிக்கலற்றது. வெட்டவெளி நிறுத்தகம் இங்கே கட்டாயம் வேண்டும். அது தொழிற்பூங்காவுக்குள் வேண்டும். செலவை, காத்திருப்பை உண்டாக்குகிற தொழிற்சாலைகளே பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஊர் எங்கே இருக்கிறது?

கார் விஷயம் இப்படி அல்ல. அதைப் பேச, இந்தப் பட்டையில் ‘ஊர்’ எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இங்கேதான். நெடுஞ்சாலையோரத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஆலைகள் வருவதற்கு முன் இந்த ஊரை வெளியுலகம் அறிந்தது இந்த இரண்டு காரணங்களால்தான். பிறகு மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் வந்தது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பூங்காக்கள் விரிந்தன. 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் கதவைச் சாத்தியது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் வந்தது. ஃபாக்ஸ்கானில் ஐபோன் வந்தது. ஆலைகள் வந்தன, போயின, மறுபடியும் வந்தன. நகரம் மட்டும் வரவில்லை.

பல லட்சம் பேர் வேலை பார்க்கும் இந்தப் பட்டையில், ஒரு குடும்பம் மாலையில் காலாற நடந்துபோக ஒரு கடைத்தெரு எது? பிள்ளைகள் விளையாட ஒரு திடல், உட்கார்ந்து படிக்க ஒரு நூலகம், நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருக்க ஓர் இடம் எங்கே? ஸ்ரீபெரும்புதூரின் பழைய கடைவீதி, சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலை, ஒரகடம் மேம்பாலத்தடி ஆகிய மூன்றும்தான் மையங்கள் என்று சொல்லிக்கொள்ளக் கிடைப்பவை. மூன்றிலும் சாலைக்கும் கடைக்கும் நடுவே இருக்கும் துண்டு நிலம் வண்டிகளுக்கே போய்விடுகிறது. நடக்கிறவர் ரோட்டில் இறங்க வேண்டும்.

இப்போது மாற்றம் வாசலில் நிற்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இந்தப் பட்டையும் அதற்குள் வந்துவிட்டது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை 52.94 கிலோமீட்டர் மெட்ரோவுக்குத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி வரை போகும் சுற்றுவட்டச் சாலை ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் செல்கிறது. பெங்களூரு விரைவுச்சாலையின் ஒரு முனையும் இதே ஊர்தான். நிலம் தர மறுக்கும் ஏகனாபுரம் மக்களின் நெடிய போராட்டத்துக்கு நடுவே, பரந்தூர் விமான நிலையத் திட்டமும் பேசப்பட்டுவருகிறது.

இவை வரும்போது ஊரின் நடுப்பகுதி புதிதாகக் கட்டப்படும். பழைய ஓட்டுக் கடைகள் போய் ஐந்து மாடி வணிக வளாகங்கள் வரும். பஸ் நிலையம் பெரிதாகும். காலி மனைகளுக்கு விலை ஏறும். அந்த மனைகளை எதற்குக் கொடுக்கப்போகிறோம்? வீட்டுக்கா, கடைக்கா, பூங்காவுக்கா, அல்லது நின்றுகொண்டிருக்கும் காருக்கா?

பெயர் கொடுத்த டெட்ராய்ட்

டெட்ராய்ட் என்ற பெயரைப் பெருமையாகச் சூடிக்கொண்ட நாம், அந்த ஊரின் கதையை முழுவதும் படிக்க வேண்டும்.

1896-ல் ஹென்றி ஃபோர்டு தன் முதல் மோட்டார் வண்டியை டெட்ராய்ட் நகரின் மையத்தில் இருந்த ஒரு சிறிய கொட்டகையில் செய்துமுடித்தார். அந்த இடத்தில் 1926-ல் மிச்சிகன் தியேட்டர் என்ற ஆடம்பரமான அரங்கம் எழுந்தது. 1970-களில் அரங்கம் மூடப்பட்டது. அதை முழுவதும் இடித்தால் ஒட்டியிருக்கும் கட்டடத்துக்கு ஆபத்து என்பதால், உள்ளே குடைந்து கார் நிறுத்தகம் ஆக்கினார்கள். வேலைப்பாடு மிகுந்த விதானம் இன்றும் மேலே தொங்குகிறது. கீழே கார்கள் நிற்கின்றன.

அந்த அரங்கமாவது நிறுத்தகமாக உயிர் பிழைத்தது. நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும், புறநகரிலிருந்து காரில் வருகிறவர்களைத் தக்கவைக்க, மையப்பகுதிக் கட்டடங்களை இடித்து வெட்டவெளி நிறுத்தகங்கள் போட்டார்கள். நிறுத்த இடம் வசதியாகக் கிடைத்தது. ஆனால் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் காணாமல்போனது. 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த டெட்ராய்டின் மக்கள்தொகை, 2020-ல் 6.4 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆலைகள் வெளியேறியது, இனப் பாகுபாடு, புறநகர் மோகம் என்று அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் ஊரின் நடுவில் ஓட்டை விழுந்த பிறகு, மீண்டு எழுவது இன்னும் கடினமானது. 2013-ல் அந்த நகராட்சி திவாலானது. 2023-ல் அதன் மேயர் ஒரு யோசனையை முன்வைத்தார்: கட்டடத்துக்கு வரியைக் குறைத்து, காலி மனைக்கும் வெட்டவெளி நிறுத்தகத்துக்கும் நில வரியை உயர்த்தலாம் என்று. நல்ல இடத்தை வளைத்துப்போட்டு, பத்துப் பேர் கார் நிறுத்தக் காசு வாங்கிக்கொண்டே விலை ஏறும்வரை காத்திருக்கும் மனைக்காரரை, ஒன்று கட்டு, இல்லை விற்றுவிடு என்று நெருக்கும் வழி அது. மாநில சட்டமன்றத்தில் அது கரை சேரவில்லை.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகப் பேராசிரியர் டொனால்டு ஷூப், 2025-ல் மறையும்வரை சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது. கார் வைத்திருப்பவர் கட்டாத வாடகையை, கார் இல்லாதவர் வீட்டு வாடகையிலும் கடைப் பொருளின் விலையிலும் சேர்த்துக் கட்டுகிறார். கட்டடம் கட்டினால் இத்தனை கார் இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியை நீக்குங்கள். தெருவோர இடத்துக்குச் சரியான கட்டணம் வையுங்கள். வசூலாகும் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழியுங்கள் என்பவை அவருடைய மூன்று யோசனைகள். 2017-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் முதல் யோசனையை ஊர் முழுவதும் நடைமுறைப்படுத்தியது. ஜப்பான் இன்னும் முன்னாலேயே விழித்துக்கொண்டது. 1962-ல் வந்த சட்டப்படி, கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் வைத்திருப்பதற்குக் காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். வண்டி உங்களுடையது என்றால், அது நிற்கும் இடமும் உங்கள் பொறுப்பு என்பதே இதன் தத்துவம்.

தி.நகரும் ஆர்.எஸ்.புரமும்

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு உள்ளூர்க் கதைகளும் இருக்கின்றன. 2019-ல் சென்னை தி.நகரின் பாண்டி பஜார் சாலையில் நடைபாதையை அகலப்படுத்தியபோது, கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் எழுந்தது. அதற்காகவே பக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் ஒன்றும் கட்டப்பட்டது. கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. சாலையிலும் பல கோடி ரூபாயில் அப்படியொரு நிறுத்தகம் எழுந்தது. இந்த இரண்டைப் பற்றியும் பிறகு வந்த செய்தி ஒன்றேதான்: உள்ளே இடம் காலி, வெளியே தெருவில் நெரிசல்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. கடை வாசலில் சும்மா நிறுத்த முடியும் என்றால், காசு கொடுத்து மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டு யார் நடந்து வருவார்? தெருவில் நிறுத்துவது இலவசமாக இருக்கும்வரை, எத்தனை கோடியில் நிறுத்தகம் கட்டினாலும் அது காற்று வாங்கும். ஸ்ரீபெரும்புதூரில் காலி மனையைப் பிடித்து பார்க்கிங் ஆக்குங்கள் என்பவர்கள் இந்தப் பாடத்தை நினைவில் வைக்க வேண்டும்.

சென்னைப் பெருநகரின் போக்குவரத்துக் குழுமமான கும்டா, பார்க்கிங் கொள்கை வகுக்கும் வேலையில் இறங்கியதே நல்ல அறிகுறி. ஆனால் அந்தக் கொள்கையின் கண் அண்ணா நகரிலும் தி.நகரிலும் மட்டும் பதிந்திருந்தால் போதாது. ஏற்கெனவே நெரிந்துபோன ஊரைச் சீர்செய்வதைவிட, இனிமேல்தான் கட்டப்படப்போகிற ஊரில் முதலிலேயே ஒழுங்கு செய்வது மலிவு.

ஒரு காருக்கு ஐந்து தொழிலாளர்

இடத்தின் அருமையை உணர இந்தப் பட்டையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட, கொதித்துப்போன தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிலாளர் எங்கே, எப்படித் தங்குகிறார்கள் என்று அன்றுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட்டின் பிரம்மாண்டக் குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கரில் 13 தொகுதிகள், 18,720 பேர் தங்கலாம், செலவு 706.50 கோடி ரூபாய்.

20 ஏக்கர் என்பது ஏறத்தாழ 81,000 சதுர மீட்டர். மாடிமேல் மாடியாகக் கட்டியதால், ஒரு தொழிலாளருக்கு அங்கே விழும் நிலப் பங்கு 4.3 சதுர மீட்டர்தான். கார் ஒன்றுக்கு? தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி நிற்கும் கட்டம் மட்டும் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். உள்ளே வந்துபோகும் பாதையையும் சேர்த்தால், வெட்டவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்பது நகரமைப்பாளர்கள் போடும் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் அடியில் ஐந்து தொழிலாளர் தங்கும் நிலம் கிடக்கிறது.

இங்கே நியாயமான ஓர் எதிர்க்கேள்வி எழும். பார்க்கிங்குக்குக் காசு வைத்தால் அடி வாங்குவது ஏழைத் தொழிலாளிதானே? உத்திரமேரூர்ப் பக்கமிருந்தோ வாலாஜாபாத் கிராமத்திலிருந்தோ பைக்கில் வருகிறவர் என்ன செய்வார்?

இதற்கு இரண்டு பதில்கள். முதலாவது, பைக்கும் காரும் ஒன்றல்ல. ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஐந்தாறு பைக்குகள் நிற்கும். கட்டணமும் அதற்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும். பஸ் நிலையத்தை ஒட்டி டூவீலர் ஸ்டாண்டு நடத்துவது நம் ஊர்களில் பழகிய தொழில்தானே. இரண்டாவது, இந்தப் பட்டையின் தொழிலாளரில் பெரும்பகுதியைச் சுமப்பது கம்பெனி பஸ். தெருவை அடைத்து நிற்கும் கார் முதலில் மறிப்பது அந்தப் பஸ்ஸைத்தான். இலவசமாக நிற்கும் காருக்காகத் தன் தூக்க நேரத்தை இழப்பவர் ஷிப்ட் தொழிலாளி.

வியாபாரிகளின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1993-ல் அதன் பழைய கடைவீதியில் பார்க்கிங் மீட்டர் வைக்க நகராட்சி முனைந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அந்தக் கடைவீதியின் நடைபாதைக்கும், மரத்துக்கும், விளக்குக்குமே செலவாகும் என்ற உறுதி கிடைத்ததும் ஒத்துக்கொண்டார்கள். சீரழிந்து கிடந்த வீதி உயிர்பெற்றது. நாள் முழுவதும் கடைக்காரரின் வண்டியும் ஊழியரின் வண்டியுமே வாசலை அடைத்துக்கொண்டிருந்தால், வாடிக்கையாளருக்கு எப்படி இடம் கிடைக்கும்? ஒரு மணி நேரம் நின்றுவிட்டு நகரும் வண்டிதான் கடைக்கு லாபம்.

தண்ணீருக்கும் இடம் வேண்டும்

இந்த விவாதத்தில் அடிக்கடி விடுபட்டுப்போவது ஏரி. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிறைந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஒரகடம் பக்கத்து மழைநீர் மணிமங்கலம் வழியாக அடையாற்றில் சேரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இந்த மேட்டுநிலத்துத் தண்ணீரும் அதில் இருந்தது.

ஒரு ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 4 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட்டோ தாரோ போட்டால் மொத்தமும் தாழ்வான பகுதியை நோக்கி ஓடும். ஆகவே லாரி யார்டு போடும்போதும் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கான்கிரீட் போடக் கூடாது. சக்கரம் ஓடும் பாதைக்கு மட்டும் கெட்டித் தளம், மீதிக்கு ஜல்லித் தளம், ஓரத்தில் மழைநீர் இறங்கும் குட்டை, நடுவே நிழல் மரம் என்று செய்யலாம். ‘சும்மா கிடக்கிறது’ என்று மேய்க்கால் புறம்போக்கையும் ஏரிக்கரையையும் நிறுத்தகமாக்குவதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

சிப்காட் தன் பூங்காக்கள் ஒவ்வொன்றிலும் லாரி நிறுத்தகத்தைக் கட்டாயமாக்க வேண்டும். மனை ஒதுக்கீட்டு நிபந்தனையிலேயே அது இருக்க வேண்டும். கழிப்பறை, குளியலறை, படுக்கை, கேன்டீன், வெளிச்சம், காவல் இல்லாமல் திறப்பு விழா நடத்தக் கூடாது. ஆலையின் கேட் நேரம் ஓட்டுநரின் செல்போனுக்கு முன்கூட்டியே வந்துவிட்டால், யார்டில் உறங்கிவிட்டு நேரத்துக்குக் கிளம்புவார். யார்டு தயாரான அன்றிலிருந்து சாலையோர நிறுத்தத்துக்கு மன்னிப்பே கிடையாது. அபராதம், சரக்கை வரவழைத்த நிறுவனத்தையும் சேர வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் கடைவீதிகளில் அரசு நிலம் ஓர் அடிகூட நிரந்தரக் கார் நிறுத்தகத்துக்குப் போகக் கூடாது. தெருவோரத்தில் நிற்க மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள். வசூலை அதே தெருவின் நடைபாதைக்குச் செலவழியுங்கள். கணக்கைப் பலகையில் எழுதி வையுங்கள். மெட்ரோ நிலையம் வரப்போகும் இடங்களைச் சுற்றி, இத்தனை கார் இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியைத் தளர்த்துங்கள். அங்கே முதல் உரிமை பஸ்ஸுக்கும், அடுத்தது நடக்கிறவருக்கும், மூன்றாவது சைக்கிளுக்கும் பைக்குக்கும். கார் கடைசியில் வரட்டும்.

இவை எதற்கும் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது, கட்டட விதிகள் இருக்கின்றன, சிப்காட்டிடம் நிலம் இருக்கிறது. இன்னும் மனைகள் காலியாக இருக்கின்றன என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வாய்ப்பு. அவை இன்னும் சில ஆண்டுகளில் இருக்காது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் ஊரில் பார்க்கிங் வேண்டும் என்று யாராவது மனு எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த வண்டிக்கு? எந்த இடத்தில்? யார் செலவில்? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். பதில் வராவிட்டால், அந்த மனையில் ஒரு பூங்காவோ, பஸ் நிழற்குடையோ, தொழிலாளர் விடுதியோ வரட்டும் என்று நீங்களே ஒரு மனு எழுதுங்கள்.